சிஸ்டம் ஃபைலையே ஆன்ட்டிவைரஸ் விழுங்கிவிட்டால்: ஃபார்மட் அடிப்பதா, ரிப்பேர் பார்ப்பதா?

காலை ஏழரைக்கே போன். வேலூர் தோட்டப்பாளையத்தில், சிஎம்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்கா. "தம்பி, நேத்து கடை சாத்துற நேரத்துல ஆன்ட்டிவைரஸ் ஏதோ வைரஸ் புடிச்சிருக்கேன்னு கேட்டுச்சு, நானும் சரின்னு அமுக்கிட்டேன். இன்னிக்கு ஆன் பண்ணா விண்டோஸ் படம் வருது, வட்டம் சுத்துது, மறுபடி ஆஃப் ஆகி ஆன் ஆகுது. பக்கத்துக் கடைப் பையன் ஃபார்மட் அடிச்சா போதும்ங்கிறான். அடிக்கச் சொல்லிடட்டுமா?"

"யாரையும் கை வைக்க விடாதீங்கக்கா, இதோ வரேன்" என்று சத்துவாச்சாரியிலிருந்து வண்டியை எடுத்தேன். அந்தக் கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள், ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கவும் ஊர் திரும்ப ரயில் டிக்கெட் போடவும் எட்டு மணிக்கே வந்து நின்றுவிடுவார்கள்.

"ஃபார்மட் அடிச்சிடட்டுமா?" என்ற இதே கேள்வி சமீபத்தில் நான்கு இடங்களிலிருந்து வந்தது. இந்த அக்கா, குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கு எழுதும் ஒரு அண்ணன், ஆம்பூரில் பன்னிரண்டு மெஷின் உள்ள ஒரு ஷூ கம்பெனி ஆபீஸ், காட்பாடியில் ஹாஸ்டல் லேப்டாப்போடு ஒரு பையன். நான்கு பேருக்கும் வியாதி ஒன்றுதான்: ஆன்ட்டிவைரஸ், நல்ல ஃபைலை, பெரும்பாலும் விண்டோஸின் சொந்த ஃபைலையே, வைரஸ் என்று தப்பாகப் பிடித்துத் தூக்கிவிட்டது. ஆனால் எல்லோருக்கும் நான் சொன்ன வழி ஒன்றில்லை. ஏன் வேறு என்பதை எழுதி வைத்தால் அடுத்த முறை போனில் கத்திக்கொண்டிருக்க வேண்டாம், அதனால் இது.

இது நம் ஊர் பாடாவதி மெஷினுக்கு மட்டும் வருகிற வியாதி என்று நினைக்க வேண்டாம். 2007 மே மாதம் சைமன்டெக், சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டு சிஸ்டம் ஃபைல்களை வைரஸ் என்றது. 2008 நவம்பரில் ஏவிஜி, யூசர்32 டிஎல்எல்லைத் தூக்கியது. அது இல்லாமல் எக்ஸ்பி எழுந்தே வராது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958 என்ற எண் கொண்ட அப்டேட், எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3-இன் எஸ்விசிஹோஸ்ட்டை வைரஸாக எண்ணியது. மற்றவற்றை மறந்தாலும் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸின் பல சர்வீஸ்களைத் தோளில் சுமக்கிற ஃபைல், நெட்வொர்க் உட்பட. அது போனதும் மெஷின்கள் திரும்பத் திரும்ப ரீபூட் ஆயின, இன்டர்நெட் கிடைக்கவில்லை. சரிசெய்யும் அப்டேட்டை கம்பெனி சில மணி நேரத்தில் கொடுத்துவிட்டது, ஆனால் அதை இறக்கத்தான் நெட் இல்லையே! ஆபீஸ் ஆபீஸாக ஆட்கள் மெஷின் மெஷினாக உட்கார்ந்து கையால் சரி செய்தார்கள். 2017 ஏப்ரலில் வெப்ரூட்டுக்கு இதே கதை. தப்பான அந்த விதி நடமாடியது வெறும் 13 நிமிடம்தான், அதற்குள் ஏராளமான மெஷின்களில் ஃபைல்கள் குவாரன்டைனுக்கு, அதாவது சந்தேக ஃபைல்களை ஆன்ட்டிவைரஸ் பூட்டி வைக்கிற இடத்துக்கு, போய்விட்டன. மைக்ரோசாஃப்டின் சொந்த டிஃபெண்டரே 2023 ஜனவரி 13, அதாவது போகிக்கு முந்தின நாள், ஆபீஸ் மெஷின்களின் ஸ்டார்ட் மெனுவிலும் டாஸ்க்பாரிலும் இருந்த ஷார்ட்கட்டுகளை அள்ளிப் போட்டது. பழையதைக் கொளுத்த ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

## முதலில்: அது நிஜமாகவே பொய் அலாரமா?

இதைப் பார்க்காமல் கீழே உள்ள எந்த வழிக்கும் போகாதீர்கள். பாதிப் பேர் "ஃபால்ஸ் பாசிட்டிவ்" என்று கொண்டுவருவது நிஜ வைரஸ். குறிப்பாக ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் என்றால் நாள் முழுக்க ஊரார் பென்டிரைவ் உள்ளே போய் வருகிறது. சாலிட்டி, விரூட், ராம்னிட் மாதிரி வைரஸ்கள் இஎக்ஸ்இ ஃபைல்களுக்குள்ளேயே தங்களை ஒட்டிக்கொள்ளும். அப்போது ஆன்ட்டிவைரஸ் சொல்வது சரி, ஃபைலைத் தூக்கியதில் விண்டோஸ் படுத்ததும் சரி, இரண்டுமே உண்மை.

நான் பார்ப்பது மூன்று விஷயம். ஒன்று, ஃபைல் எங்கே இருந்தது. எஸ்விசிஹோஸ்ட் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருந்தால் அது வீட்டு ஆள். டெம்ப் ஃபோல்டரிலோ ஆப்டேட்டாவிலோ அதே பெயரில் இருந்தால் வேஷம் போட்ட திருடன். இரண்டு, டிஜிட்டல் கையெழுத்து. இதில் பலர் ஏமாறுகிறார்கள்: ஃபைலை ரைட் கிளிக் செய்து பிராப்பர்டீஸில் கையெழுத்துப் பக்கம் இல்லை என்றதும் போலி என்று முடிவு கட்டுகிறார்கள். விண்டோஸின் பல ஃபைல்களுக்குக் கையெழுத்து ஃபைலுக்குள் இருக்காது, தனியாக கேட்டலாக் என்ற இடத்தில் இருக்கும். பவர்ஷெல்லில் கெட்-ஆதென்டிகோட்சிக்னேச்சர் கட்டளை கொடுத்தால் அதையும் சேர்த்துப் பார்த்து "வேலிட்" என்று சொல்லிவிடும். மூன்று, வைரஸ்டோட்டல். எழுபதுக்குப் பக்கமான ஆன்ட்டிவைரஸ்களில் ஃபைலைக் காட்டுகிற சைட் அது. ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டி, கையெழுத்தும் வேலிட் என்றால் பொய் அலாரம் என்று தைரியமாக இருக்கலாம். முப்பது நாற்பது சிவப்பு என்றால் விவாதமே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அங்கே ஏற்றுகிற ஃபைல் மற்றவர்கள் கைக்கும் போகும். விண்டோஸ் ஃபைலை ஏற்றலாம், யாரோ நோயாளியின் ரிப்போர்ட்டை ஏற்றாதீர்கள்.

அப்புறம், கசப்பான விஷயம் ஒன்று. விண்டோஸை ஓசியில் ஆக்டிவேட் செய்கிற டூலை ஆன்ட்டிவைரஸ் தூக்கினால் அது பொய் அலாரம் இல்லை. அதைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள், நான் தர மாட்டேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி, மெஷின் உள்ளே போகிறதா இல்லையா. டெஸ்க்டாப் வருகிறது என்றால் பாதி வழிகள் சுலபம். வரவில்லை என்றால் அவற்றில் சில கதவு மூடியாயிற்று. இரண்டாவது, கடை எத்தனை மணி நேரம் நிற்கலாம். மூன்றாவது, திரும்பக் கிடைக்காத அல்லது திரும்பப் போடக் கஷ்டமான பொருள் அந்த மெஷினில் என்ன இருக்கிறது: டேலி கணக்கு மென்பொருளின் லைசென்ஸ், டிஎஸ்சி எனும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் டிரைவர், சிடி தொலைந்துபோன பழைய பிரிண்டர், யாருக்கும் ஞாபகமில்லாத பாஸ்வேர்டு. நான்காவது, டிரைவ் பூட்டியிருக்கிறதா. புது லேப்டாப்புகளில் பிட்லாக்கர் குறியாக்கம் உங்களைக் கேட்காமலேயே ஓடிக்கொண்டிருக்கும். ரிப்பேர் திரையில் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும்போதுதான் தெரியும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் போய் எடுக்கலாம், அந்த அக்கவுண்ட் எது என்று தெரிந்தால். ஐந்தாவது, ஒரு மெஷினா பல மெஷினா.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, எந்த வழியில் போனாலும் பொருந்தும்: தின்பவனை நிறுத்தாமல் சோறு போடாதீர்கள். தப்பான டெஃபனிஷன், அதாவது எதெது வைரஸ் என்று ஆன்ட்டிவைரஸுக்குச் சொல்கிற பட்டியல், உள்ளே இருக்கும்போது ஃபைலைத் திரும்ப வைத்தால் அடுத்த நிமிடமே ஆன்ட்டிவைரஸ் அதை மறுபடி தூக்கும். அக்காவின் மெஷினை முதலில் தொட்டது நானில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்துக் கடைப் பையன் ராத்திரியே ஒரு தரம் சரி செய்திருக்கிறான், காலையில் மறுபடி போய்விட்டது. அவன் செய்த வேலை தப்பில்லை. வரிசை தப்பு.

## வழி 1: குவாரன்டைனிலிருந்து திரும்ப எடுப்பது

மெஷின் உள்ளே போகிறது, ஏதோ ஒரு சர்வீஸோ ஒரு புரோகிராமோ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் இதுதான் முதல் வழி. ஆன்ட்டிவைரஸைத் திறந்து குவாரன்டைன் பட்டியலில் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து ரெஸ்டோர். டிஃபெண்டர் என்றால் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். ஐந்து நிமிட வேலை, காசு இல்லை, எதுவும் அழியாது.

இதன் மறைமுகச் செலவு எக்ஸ்க்ளூஷன். ஃபைலைத் திரும்ப எடுத்ததும் மறுபடி பிடிக்காமலிருக்க "இதைப் பார்க்காதே" என்று விதிவிலக்கு கொடுப்போம். அந்த ஒரு ஃபைலுக்குக் கொடுத்தால் சரி. பலர் என்ன செய்கிறார்கள், எரிச்சலில் விண்டோஸ் ஃபோல்டர் முழுவதையும், இல்லையென்றால் சி டிரைவையே விலக்கி வைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஆன்ட்டிவைரஸுக்குக் கட்டிய வருட சந்தா எதற்கு? இன்னொன்று, விதிவிலக்கைக் கொடுத்தவர் மறந்துவிடுவார். இரண்டு வருடம் கழித்து அந்த ஓட்டை வழியாக நிஜ வைரஸ் வரும்போது யாருக்கும் காரணம் புரியாது. நான் விதிவிலக்கு கொடுத்தால் போன் காலண்டரில் ஒரு வாரம் தள்ளிக் குறித்து வைக்கிறேன், கம்பெனி டெஃபனிஷனைத் திருத்தியதும் எடுத்துவிடுவதற்காக.

ஆன்ட்டிவைரஸ் செட்டிங்கில் "பிடித்தால் அழி" என்று வைத்திருந்தால் குவாரன்டைனில் எதுவும் இருக்காது, இந்த வழியே கிடையாது. இன்றைக்கே போய் அதை "குவாரன்டைன்" என்று மாற்றி வையுங்கள். மெஷின் உள்ளே போகவில்லை என்றாலும் பெரும்பாலும் இது உதவாது: குவாரன்டைனில் ஃபைல் உரு மாற்றிப் பூட்டித்தான் இருக்கும், பென்டிரைவில் காப்பி அடித்து வெளியே கொண்டுவர முடியாது, அந்த ஆன்ட்டிவைரஸே திறந்தால்தான் உண்டு. சேஃப் மோடில் அது திறக்குமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

காட்பாடி பையனுக்கு இதைத்தான் சொன்னேன். அவனுக்குப் போனது விண்டோஸ் ஃபைல்கூட இல்லை, கீபோர்டில் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பிடித்து மாற்றித் தருகிற சின்ன தமிழ் டைப்பிங் மென்பொருள். கீபோர்டைக் கவனிக்கிற எதைப் பார்த்தாலும் ஆன்ட்டிவைரஸுக்குச் சந்தேகம், பாஸ்வேர்டு திருடும் புரோகிராம்களும் அப்படித்தானே வேலை செய்கின்றன. அவன் அதற்காக லேப்டாப்பையே ஃபார்மட் அடிக்கக் கிளம்பியிருந்தான்.

## வழி 2: டெஃபனிஷனைப் பின்னால் தள்ளுவது

தப்பு ஃபைலில் இல்லை, நேற்று வந்த டெஃபனிஷனில்தான். அதைக் கழற்றி முந்தைய நாளுக்குப் போவது இந்த வழி. டிஃபெண்டரில் எம்பிசிஎம்டிரன் என்ற கட்டளைக் கருவிக்கு ரிமூவ்டெஃபனிஷன்ஸ், ஆல் என்று கொடுத்தால் முன்பிருந்த நிலைக்குப் போகும். அலுவலகங்களுக்கான ஆன்ட்டிவைரஸ்களில் ஒரே கன்சோலிலிருந்து எல்லா மெஷினுக்கும் ரோல்பேக் கொடுக்கிற வசதி இருக்கும். வீட்டுப் பதிப்புகளில் பல நேரம் இருக்காது. கம்பெனி திருத்தம் அனுப்பும்வரை ரியல்டைம் பாதுகாப்பை நிறுத்திவிட்டு, பென்டிரைவ் எதுவும் செருகாமல் காத்திருக்க வேண்டியதுதான். சில மணி நேரத்தில் வந்துவிடும்.

இது போன ஃபைலைத் தானாகத் திரும்பத் தராது என்பதை மறக்கக் கூடாது. இது தின்பவனின் வாயைக் கட்டுகிற வேலை. தனி வழி என்பதைவிட மற்ற வழிகளுக்கு முன்னால் வருகிற முதல் படி என்றே வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் செய்து முடித்துக்கொள்ளலாம் என்றால், ஃபைல் குவாரன்டைன் ஆகாமல் வெறுமனே தடுக்கப்பட்டு மட்டும் இருக்கும் சமயத்தில்.

## வழி 3: விண்டோஸே தன்னைச் சரிசெய்ய விடுவது

என் கை முதலில் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களின் இருப்பை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரில் வைத்திருக்கிறது. எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளை சிஸ்டம்32-ஐ ஒவ்வொரு ஃபைலாகச் சரிபார்த்து, காணாமல் போனதையும் கெட்டுப்போனதையும் அந்த இருப்பிலிருந்து எடுத்து வைக்கும். ஆன்ட்டிவைரஸ் சிஸ்டம்32-இல் இருந்ததை மட்டும் தூக்கியிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கதை முடிந்தது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இருப்பில் உள்ளதும் அச்சு அசல் அதே ஃபைல். சிஸ்டம்32-இல் இருப்பதை வைரஸ் என்று நினைத்த ஆன்ட்டிவைரஸ், முழு ஸ்கேன் ஓடும்போது இருப்பில் உள்ளதையும் வைரஸ் என்றே நினைக்கும். இரண்டும் போய்விட்டால் எஸ்எஃப்சி "சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை" என்று கையை விரிக்கும். அப்போது டிஸ்ம் கட்டளை, ரெஸ்டோர்ஹெல்த் என்ற சேர்க்கையோடு. அது இருப்பையே விண்டோஸ் அப்டேட்டிலிருந்து நிரப்பும். அதன் பிறகு எஸ்எஃப்சியை மறுபடி ஓட்ட வேண்டும். டிஸ்ம் 62 சதவீதத்தில் நின்றுவிட்டது, ஹேங் ஆகிவிட்டது என்று போன் செய்யாதீர்கள். நிற்கும், பிறகு நகரும், ஹார்டு டிஸ்க் மெஷினில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

மெஷின் உள்ளே போகவில்லையா, விண்டோஸ் படம் வரும்போது பவர் பட்டனை அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அங்கே டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு, கமாண்ட் பிராம்ப்ட். அங்கிருந்து ஓட்டும்போது எஸ்எஃப்சிக்கு ஆஃப்பூட்டிர், ஆஃப்வின்டிர் என்று இரண்டு பாதைகளைச் சொல்ல வேண்டும். ரிப்பேர் திரையில் உங்கள் சி டிரைவ் சி என்ற எழுத்தில் இருக்கும் என்று உறுதியில்லை, டி என்றோ ஈ என்றோ மாறியிருக்கலாம். கமாண்ட் பிராம்ப்டில் நோட்பேட் என்று அடித்து, ஃபைல் ஓப்பன் பெட்டியில் "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றிப் பாருங்கள், எந்த எழுத்தில் விண்டோஸ் ஃபோல்டர் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதே பெட்டியில் டேலி டேட்டா ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, செருகியிருக்கும் பென்டிரைவில் பேஸ்ட் செய்யலாம். படுத்துவிட்ட மெஷினிலிருந்து டேட்டாவை எடுக்க ஆயிரக்கணக்கில் கேட்கும் இடங்கள் உண்டு, பல நேரங்களில் அங்கேயும் இதைத்தான் செய்வார்கள்.

ரிப்பேர் திரையிலிருந்து டிஸ்ம் ஓட்டினால் விண்டோஸ் அப்டேட் கிடைக்காது, அதே பதிப்பின் ஐஎஸ்ஓவில் (விண்டோஸ் நிறுவும் டிஸ்க் முழுவதும் ஒரே ஃபைலாக) உள்ள இன்ஸ்டால்.விம் ஃபைலைக் காட்ட வேண்டும். ஆக, 5 ஜிபிக்கு மேல் டவுன்லோட். சேவை செய்கிறவர்கள் பையில் ஒரு பூட்டபிள் பென்டிரைவ் எப்போதும் இருக்க வேண்டியது இதனால்தான். மறைமுகச் செலவு என்று பார்த்தால் நேரம் மட்டும். எஸ்எஃப்சி ஆன்ட்டிவைரஸின் சொந்த ஃபைல்களையோ டேலியையோ சரிசெய்யாது. விண்டோஸின் ஃபைல்களுக்கு மட்டும்தான் அது பொறுப்பு.

## வழி 4: சிஸ்டம் ரெஸ்டோர்

இருந்தால் அதிர்ஷ்டம். பல மெஷின்களில் இது அணைந்தே கிடக்கும், தேவைப்படும் அன்றுதான் தெரியும். இருந்தால் அரை மணியில் நேற்றைய நிலைக்கு சிஸ்டம் ஃபைல்களும் ரெஜிஸ்ட்ரியும் போகும், உங்கள் வேர்டு, எக்செல், போட்டோக்கள் அப்படியே இருக்கும். ஆனால் இடையில் போட்ட டிரைவரும் புரோகிராமும் காணாமல் போகும். விண்டோஸுக்குள்ளிருந்து ஓட்டினால் ஆன்ட்டிவைரஸ் தன் ஃபைல்களைத் தொட விடாமல் முரண்டு பிடிக்கலாம், ரிப்பேர் திரையிலிருந்து ஓட்டுவது நல்லது.

## வழி 5: மேலேயே விண்டோஸ் போடுவது

ஆங்கிலத்தில் இன்பிளேஸ் அப்கிரேட் என்பார்கள். விண்டோஸுக்குள் இருந்தபடியே ஐஎஸ்ஓவைத் திறந்து செட்டப்பை ஓட்டினால், "ஃபைல்களும் ஆப்களும் இருக்கட்டும்" என்ற விருப்பத்தோடு விண்டோஸை மட்டும் புதிதாக எழுதிவிடும். டேலி இருக்கும், டிஎஸ்சி டிரைவர் இருக்கும், பிரிண்டர் இருக்கும். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸின் ரெகவரி பக்கத்திலேயே, விண்டோஸ் அப்டேட் மூலம் மறுபடி நிறுவும் பட்டன் வந்துவிட்டது, ஐஎஸ்ஓகூட வேண்டாம்.

இவ்வளவு நல்ல வழியை ஏன் யாரும் சொல்வதில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை. கடைக்காரருக்கு ஃபார்மட் அடிப்பது பழகிய வேலை, அவ்வளவுதான் காரணமாக இருக்க வேண்டும்.

நிபந்தனைகள் உண்டு. மெஷின் டெஸ்க்டாப் வரை வர வேண்டும். பூட் ஆகாத மெஷினில் பென்டிரைவிலிருந்து இதைச் செய்ய முடியாது. ஐஎஸ்ஓவின் மொழி ஒத்துப்போக வேண்டும்: அமெரிக்க ஆங்கில விண்டோஸில் பிரிட்டிஷ் ஆங்கில ஐஎஸ்ஓவை ஓட்டினால் "ஆப்கள் இருக்கட்டும்" என்பது மங்கலாகி நிற்கும். அதைக் கவனிக்காமல் அடுத்தது, அடுத்தது என்று அமுக்கினால் புரோகிராம் எல்லாம் போச்சு. சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், நடுவில் கரண்ட் போகக் கூடாது. வேலூர் சித்திரை மாதத்தில் அதற்கு யுபிஎஸ் இல்லாமல் நான் கை வைக்க மாட்டேன். ஆன்ட்டிவைரஸை முதலில் அன்இன்ஸ்டால் செய்துவிட வேண்டும்.

குடியாத்தம் அண்ணனுக்கு இதுதான். 19-ஆம் தேதி சாயங்காலம் கூப்பிட்டார், மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். மெஷின் உள்ளே போனது, ஆனால் பாதி மெனு திறக்கவில்லை, எஸ்எஃப்சியும் டிஸ்மும் தோற்றுவிட்டன. ஃபார்மட் அடித்திருந்தால் டேலி லைசென்ஸைத் திரும்ப ஆக்டிவேட் செய்ய வேண்டும், டோக்கன் டிரைவர் போட வேண்டும், ஜிஎஸ்டி சைட் கேட்கிற கையெழுத்து மென்பொருளைப் போட வேண்டும், அது இந்த பிரவுசரில் ஓடாது அந்த பிரவுசரில் ஓடும் என்று ராத்திரி இரண்டு மணி ஆகியிருக்கும். ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடிந்தது. "இவ்ளோதானா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

## வழி 6: ஃபார்மட், அல்லது ரீசெட்

ரீசெட் என்பது விண்டோஸின் சொந்த ஃபார்மட். "என் ஃபைல்கள் இருக்கட்டும்" என்று கொடுத்தாலும் போட்டோவும் டாக்குமென்டும்தான் மிஞ்சும், புரோகிராம்கள் போகும். என்னென்ன போயின என்ற பட்டியலை மட்டும் டெஸ்க்டாப்பில் வைக்கும், இழவு வீட்டு மொய் நோட்டு மாதிரி.

எப்போது இது சரி? நிஜ வைரஸ் இஎக்ஸ்இ ஃபைல்களில் பரவியிருந்தால் இதுதான், வேறு யோசனையே வேண்டாம். பென்டிரைவிலிருந்து சுத்தமாக ஃபார்மட். டேட்டாவை எடுக்கும்போது இஎக்ஸ்இ எதையும் திரும்பக் கொண்டுவராதீர்கள். மெஷினில் எதுவுமே முக்கியமில்லை, பிரவுசர் மட்டும்தான் என்றாலும் இதுதான் வேகமான வழி. மற்றபடி, 500 ரூபாய் வேலை என்று சொல்லப்படும் ஃபார்மட்டின் நிஜ விலை அதன் பிறகு வருகிற மூன்று நாட்களில் இருக்கிறது: ஒவ்வொரு முறையும் "அது எங்கே போச்சு, இது எங்கே போச்சு".

ஒரு பார்வையில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு:

| வழி | பூட் ஆகாத மெஷினில் | நேரம் | புரோகிராம்கள் | யாருக்கு |
|---|---|---|---|---|
| குவாரன்டைன் ரெஸ்டோர் | பெரும்பாலும் முடியாது | 5 நிமிடம் | இருக்கும் | ஒரு ஃபைல் மட்டும் போனவர் |
| டெஃபனிஷன் ரோல்பேக் | கஷ்டம் | 10 நிமிடம் | இருக்கும் | எல்லோருக்கும் முதல் படி |
| எஸ்எஃப்சி, டிஸ்ம் | முடியும் | 15 நிமிடம் முதல் 1 மணி | இருக்கும் | முதலில் முயல வேண்டியது |
| சிஸ்டம் ரெஸ்டோர் | முடியும் | அரை மணி | புதியவை போகும் | ரெஸ்டோர் பாயின்ட் உள்ளவர் |
| மேலேயே விண்டோஸ் | முடியாது | 1 முதல் 3 மணி | இருக்கும் | டேலி, டிஎஸ்சி உள்ள மெஷின் |
| ஃபார்மட் | முடியும் | 1 மணி, பிறகு 3 நாள் | போகும் | நிஜ வைரஸ் |

## பல மெஷின் என்றால்

ஆம்பூர் ஆபீஸில் பன்னிரண்டு மெஷினில் ஏழு ஒரே காலையில் படுத்தன. ஏழும் ஒரே நேரத்தில் என்பதே பொய் அலாரத்துக்கு நல்ல சாட்சி, வைரஸ் இவ்வளவு ஒழுங்காக வராது. அங்கே முதல் வேலை, இன்னும் ஆன் செய்யாத ஐந்தின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றியது. அந்த ஐந்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. மற்ற ஏழுக்கும் வழி 3. இப்போது அங்கே ஒரு பழைய மெஷினுக்கு மட்டும் டெஃபனிஷன் உடனே போகும், மற்றவைக்கு நான்கு மணி நேரம் தாமதமாக. அந்த நான்கு மணி நேரத்துக்குப் புது வைரஸிடம் கொஞ்சம் திறந்திருக்கிறோம் என்பது உண்மை. கணக்குப் போட்டுத்தான் செய்தோம்.

பிரவுசிங் சென்டர்காரர்கள் டீப் ஃப்ரீஸ் இருக்கிறதே, ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடுமே என்பார்கள். ஆகும். ஆன பிறகு ஆன்ட்டிவைரஸ் நெட்டைத் தொட்டு அதே தப்பான டெஃபனிஷனை மறுபடி இறக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

## ஆன்ட்டிவைரஸையே மாற்றிவிடலாமா?

கோபத்தில் எல்லோரும் கேட்பது. மேலே சொன்ன பட்டியலைப் பாருங்கள், பெரிய கம்பெனிகளே அதில் இருக்கின்றன. ஒரு பொய் அலாரத்துக்காக மாற்றினால் அடுத்த கம்பெனியின் பொய் அலாரத்துக்குக் காத்திருப்பீர்கள். மாற்றக் காரணம் வேறு: திருத்தம் வர எத்தனை நேரம் ஆனது, குவாரன்டைனிலிருந்து எடுக்க முடிந்ததா, போன் செய்தால் எடுத்தார்களா. ஒற்றை மெஷின் கடைகளுக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. வெளி ஆன்ட்டிவைரஸை எடுத்துவிட்டால் அது தானாக எழுந்துகொள்ளும். இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள்.

அக்கா கடைக்கு எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். லேன் கேபிளைக் கழற்றி, ரிப்பேர் திரை, நோட்பேட் வழியாக பில் கணக்கு பென்டிரைவுக்கு, அப்புறம் எஸ்எஃப்சி. முதல் தடவை கையை விரித்தது, இருப்பிலும் போயிருந்தது. பையிலிருந்த பென்டிரைவில் அதே பதிப்பு இருந்ததால் டிஸ்ம், மறுபடி எஸ்எஃப்சி. கேபிள் இல்லாமலேயே டெஸ்க்டாப்பைத் திறந்து அந்த ஆன்ட்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்து, அதன் பிறகுதான் கேபிளைச் செருகினேன். பக்கத்துக் கடைப் பையன் பின்னால் நின்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தான், கேபிளை ஏன் கழற்றினேன் என்று மட்டும் கேட்டான். பத்துப் பத்துக்கு முதல் பிரிண்ட் வெளியே வந்தது, காட்பாடியிலிருந்து ஹவுராவுக்கு இரண்டு பேர், ஒருவருக்கு லோயர் பெர்த்.